முதல் 500 மைல்: புது என்ஜினைப் பழக்கிய கதை

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய பிரிட்டனில், பளபளக்கும் புது கார் ஒன்று மணிக்கு 30 மைல் வேகத்தைத் தாண்டாமல் சாலையின் ஓரமாக ஊர்ந்துபோவது அன்றாடக் காட்சி. அதன் பின்பக்கக் கண்ணாடியில் ஓர் அட்டை ஒட்டியிருக்கும்: ‘ரன்னிங் இன், ப்ளீஸ் பாஸ்’. புது வண்டி இது, பழக்கிக்கொண்டிருக்கிறேன், நீங்கள் முந்திப் போங்கள் என்று பின்னால் வருபவரிடம் வைக்கும் வேண்டுகோள். பிரான்சில் ‘ஆன் ரொடாஜ்’, இத்தாலியில் ‘இன் ரொடாஜோ’ என்று எழுதிய அட்டைகள் அதே வேலையைச் செய்தன.

இப்படி ஊர்ந்தவை சின்னக் குடும்ப கார்கள் மட்டுமல்ல. 1962-ல் வெளிவந்த எம்.ஜி.பி ஸ்போர்ட்ஸ் கார் மணிக்கு 100 மைலைத் தாண்டக்கூடியது. 1,798 சி.சி. என்ஜின், இரண்டு கார்புரேட்டர், கூரையை மடக்கிவிட்டுக் காற்றை வாங்கிக்கொண்டு ஓட்டும் சுகம். ஆசையோடு வாங்கியவர் கையில் கிடைத்த குறிப்புப் புத்தகமோ மூன்று தடைகளோடு தொடங்கியது. முதல் 500 மைலுக்கு 45 மைல் வேகத்தைத் தாண்டக் கூடாது. எந்த கியரிலும் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதிக்கக் கூடாது. எந்த கியரிலும் என்ஜினைத் திணறவிடக் கூடாது. 500 மைல் ஓடி முடிந்ததும் டீலரிடம் கொண்டுபோய் ஆயிலை வடித்துவிட்டுப் புதிதாக ஊற்ற வேண்டும். அதற்குப் பிறகுதான் அந்த 100 மைல் வேகம் அவருடையது.

காசு கொடுத்து வாங்கிய வேகத்தை ஏன் இத்தனை நாள் தள்ளிப்போட வேண்டும்? அந்த என்ஜின் வேலை முடியாமலே தொழிற்சாலையை விட்டு வந்திருந்தது என்பதுதான் பதில். வார்ப்பு, கடைசல், இழைப்பு எல்லாம் முடிந்தும் கடைசியாக ஒரு வேலை பாக்கி இருந்தது. அதை வாங்கியவர் சாலையில் ஓட்டிச் செய்து முடித்தார். ரன்னிங் இன் என்ற வழக்கத்தின் வரலாறு, அந்தக் கடைசி வேலை யார் தலையில் விழுந்தது என்பதன் வரலாறுதான். நூறாண்டுகளில் அது மெல்ல மெல்லத் தொழிற்சாலைக்கே திரும்பிப் போயிருக்கிறது. ஸ்போர்ட்ஸ் கார்களில் மட்டும் இன்றும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது.

உரசிப் பழகும் உலோகங்கள்

என்ஜினுக்குள் முதல் சில மணி நேரத்தில் நடப்பதைத் தெரிந்துகொண்டால் பழைய கட்டுப்பாடுகள் ஏன் வந்தன என்பது விளங்கிவிடும். பிஸ்டனைச் சுற்றி ரிங்குகள் இருக்கின்றன. இந்த வெட்டுவிட்ட ரிங் மோட்டார் காரைவிட மூத்தது. ஆங்கிலேய ரயில்வே பொறியாளர் ஜான் ராம்ஸ்பாட்டம் 1850-களில் நீராவி எந்திரங்களுக்காக உருவாக்கியது. எரிந்த வாயுவின் அழுத்தம் கீழே கசிந்துவிடாமலும், கீழே இருக்கும் ஆயில் மேலே ஏறி எரிந்துவிடாமலும் தடுப்பது அதன் வேலை. இரண்டையும் செய்ய வேண்டுமானால் ரிங்கின் விளிம்பு சிலிண்டர் சுவரோடு சுற்றளவு முழுவதும் ஒட்டிப் பொருந்த வேண்டும்.

சிலிண்டர் சுவரைக் கண்ணாடிபோல் வழுவழுப்பாக விடுவதில்லை. ஹோனிங் கல்லால் குறுக்கும் நெடுக்குமாக நுண்ணிய கோடுகள் இழுக்கிறார்கள். உழுத நிலத்தின் சாலில் தண்ணீர் நிற்பதுபோல் அந்தக் கோடுகளில் ஆயில் நிற்கும். கோடுகளுக்கு இடையே உள்ள கூர்மையான முகடுகளை, முதன்முதலாக ஓடும்போது ரிங் தேய்த்து மட்டமாக்குகிறது. ரிங்கும் சற்றுத் தேய்கிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று ஏற்ற வடிவத்துக்கு வருகின்றன. முகடுகள் மழுங்கியதும் தேய்மானம் சட்டென்று குறைந்துவிடும். அதற்குப் பிறகு அந்தச் சுவர் ஆண்டுக்கணக்கில் தாங்கும்.

இதில் இரண்டு பக்கமும் ஆபத்து உண்டு. எடுத்த எடுப்பிலேயே வண்டியை விரட்டினால் முகடுகள் சூடேறி, ஆயில் படலம் கிழிந்து, உலோகத்தோடு உலோகம் ஒட்டிப் பிய்த்துக்கொள்ளும். சுவரில் நெட்டுக்கீறல் விழும். மாறாக, பயந்து பயந்து ஒரே சீரான மெதுவான வேகத்தில் ஓட்டிக்கொண்டே இருந்தால் ரிங்கைச் சுவரோடு அழுத்தும் வாயு அழுத்தம் போதாது. ரிங்கைச் சுவரை நோக்கித் தள்ளுவதில் பெரும்பங்கு அதற்குப் பின்னால் புகும் எரிந்த வாயுவுக்குத்தான். அது குறைவாக இருந்தால் முகடு மழுங்குவதற்கு முன்பே கருகிய ஆயில் கோடுகளை நிரப்பி மெழுகிவிடும். அப்படி மெழுகிப்போன சிலிண்டர் வாழ்நாள் முழுக்க ஆயில் குடிக்கும், புகை கக்கும். அதனால்தான் மெதுவாக ஓட்டு என்றதோடு நிற்காமல், திணறவிடாதே, வேகத்தைக் கூட்டிக் குறைத்து ஓட்டு என்றும் பழைய புத்தகங்கள் சொல்லின.

பேரிங் கதை இதைவிடப் பழையது. அமெரிக்கரான ஐசக் பேபிட் 1839-ல் வெள்ளீயம், ஆன்டிமனி, செம்பு கலந்த மென்மையான உலோகக் கலவை ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். தொடக்ககால கார்களில் கிராங்க் ஷாஃப்ட் சுழன்றது இந்தப் பேபிட் உலோகத்தின் மேல்தான். உருக்கி ஊற்றி, ஆறவைத்து, கைத்திறன் மிக்க தொழிலாளி சுரண்டிச் சுரண்டி அளவுக்குக் கொண்டுவருவார். எவ்வளவு கைத்திறன் இருந்தாலும் சில இடங்கள் மேடாக நிற்கும். அந்த மேடுகள் ஓடித்தான் தேய வேண்டும்.

ஃபோர்டு நிறுவனம் மாடல் டி காரில் இந்த வேலையின் ஒரு பகுதியைத் தொழிற்சாலைக்குள்ளேயே செய்தது. பேபிட் ஊற்றிய பேரிங்கில் கிராங்க் ஷாஃப்டைப் பொருத்தி, வெளியிலிருந்து மோட்டார் சக்தியால் சுழற்றி, மேடுகளைத் தேய்த்துப் பளபளப்பாக்கினார்கள். 1908-ல் தொடங்கி இலட்சக்கணக்கில் தயாரான கார் அது. ஒவ்வொன்றையும் நாள்கணக்கில் பழக்கிக்கொண்டிருக்க நேரம் கிடையாது. மிச்ச வேலை வாங்கியவருடையது. மாடல் டி குறிப்புப் புத்தகம், முதல் 400 மைல் ஓடியதும் அழுக்கு ஆயிலை வடித்துவிடும்படி சொன்னது. பிறகு ஏறத்தாழ 750 மைலுக்கு ஒருமுறை மாற்றினால் போதும். முதல் ஆயில் மாற்றத்துக்கு மற்றவற்றில் பாதியளவு தூரம்தான். அந்த என்ஜினில் ஆயில் பம்பு இல்லை, ஃபில்டரும் இல்லை. தேய்ந்து உதிர்ந்த உலோகத் தூளும் வார்ப்பில் ஒட்டியிருந்த மணலும் ஆயிலோடு ஆயிலாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். வடித்து வெளியேற்றுவது ஒன்றுதான் வழி.

கிரிக்கில்வுட்டிலிருந்து ஆபிங்டன் வரை

ஸ்போர்ட்ஸ் கார் என்ற வகை உருவெடுத்த 1920-களில், விலை உயர்ந்த வண்டிகளில் இந்த வேலையின் பெரும்பகுதியைத் தயாரிப்பாளரே செய்தார். லண்டன் கிரிக்கில்வுட்டில் டபிள்யூ.ஓ. பென்ட்லி தொடங்கிய நிறுவனம் 1921 முதல் 3 லிட்டர் காரை விற்றது. விற்றது என்றால் முழு வண்டியை அல்ல. என்ஜினும் சக்கரமும் பூட்டிய சேசிஸைத்தான். அதற்கு உடல் கட்டுவது வேண்டன் பிளாஸ் போன்ற தனிப் பட்டறைகளின் வேலை. அங்கே போவதற்கு முன்பு வெறும் சேசிஸில் தற்காலிக இருக்கையைப் போட்டுச் சோதனை ஓட்டுநர்கள் சாலையில் ஓட்டிப் பார்ப்பார்கள். மழையும் குளிரும் நேரே முகத்தில் அடிக்கும் வேலை அது. பென்ட்லி தன் சேசிஸுக்கு ஐந்தாண்டு உத்தரவாதம் கொடுத்தது. 1924-ல் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தை அந்த 3 லிட்டர் கார் வென்றபோது, அந்த உறுதிமொழிக்கு உலகறிந்த சான்று கிடைத்தது.

ஆபிங்டனிலும் எம்.ஜி. கார்களைச் சோதனை ஓட்டுநர்கள் சுற்றுவட்டாரச் சாலைகளில் ஓட்டிப் பார்த்துத்தான் அனுப்பினார்கள். ஆனால் பென்ட்லி விலை எங்கே, எம்.ஜி. விலை எங்கே! நடுத்தர வருமானக்காரர்களுக்கான ஸ்போர்ட்ஸ் காரை நூற்றுக்கணக்கான மைல் ஓட்டிப் பழக்கித் தரக் கட்டுப்படியாகாது. குறை ஏதுமில்லை என்று உறுதிசெய்வதோடு தொழிற்சாலையின் பொறுப்பு முடிந்தது. ரிங்கைப் பொருத்துவது வாடிக்கையாளரின் வலது காலிடம் ஒப்படைக்கப்பட்டது.

இந்த இடைவெளியில் ஆயில் வியாபாரம் தழைத்தது. சார்லஸ் வேக்ஃபீல்டு 1899-ல் தொடங்கிய நிறுவனம் 1909-ல் ‘காஸ்ட்ரால்’ என்ற பெயரில் ஆயில் விற்கத் தொடங்கியது. அதில் சேர்த்த ஆமணக்கு எண்ணெயிலிருந்து வந்த பெயர் அது. ஆமணக்கு எண்ணெய் உலோகத்தை விடாமல் பற்றிக்கொள்ளும். கடும் சூட்டிலும் படலம் கிழியாது. முதல் உலகப் போர் விமானங்களும் ப்ரூக்லண்ட்ஸ் பந்தயக் கார்களும் அதில்தான் ஓடின. ஆனால் சில நாள் நின்றால் பிசினாகிவிடும். அதனால் அன்றாடச் சாலை கார்களில் கனிம எண்ணெய்தான் நிலைத்தது. புது வண்டிக்காரர்களுக்கென்றே கிராஃபைட் நுண்துகள் கலந்த ‘ரன்னிங் இன் காம்பவுண்டு’ டப்பாக்களும் விற்பனைக்கு வந்தன. ஆயில் படலம் கிழியும் இடத்தில் கிராஃபைட் குறுக்கே நின்று உரசலைத் தாங்கும் என்பது கணக்கு. அதன் பின்னணியில் அமெரிக்க வேதியியலாளர் எட்வர்ட் அச்சிசன் கண்டுபிடித்த கூழ்ம கிராஃபைட் இருந்தது.

ஆயிலைச் சுத்தமாக வைத்திருக்கும் கருவிதான் முதல் ஆயில் மாற்றத்தின் போக்கை உண்மையாகவே மாற்றியது. 1923-ல் அமெரிக்கர் எர்னஸ்ட் ஸ்வீட்லண்ட் ‘பியூரோலேட்டர்’ என்ற ஆயில் ஃபில்டரை உருவாக்கினார். 1924-ல் வெளிவந்த கிரைஸ்லர் காரில் அது இடம்பெற்றது. திருகிக் கழற்றி வீசிவிடக்கூடிய ஃபில்டர் 1950-களின் நடுவில் வந்தது. இடைப்பட்ட காலத்தில், கசடைத் திரளவிடாமல் ஆயிலிலேயே மிதக்கவைக்கும் டிடர்ஜென்ட் மருந்துகளும், உரசும் பரப்பில் காப்புப் படலம் போடும் துத்தநாகக் கூட்டுப்பொருளும் ஆயிலில் சேர்ந்தன. ஃபில்டரே இல்லாமல் சல்லடை மட்டும் வைத்திருந்த ஃபோக்ஸ்வேகன் பீட்டில், முதல் சர்வீஸை 500 கிலோமீட்டரிலேயே வைத்துக்கொண்டது. பொறியமைப்புக்கு ஏற்றபடிதான் முதல் ஆயில் மாற்றத்தின் தூரமும் அமைந்தது என்பதற்கு இது நல்ல சான்று.

சென்னையில் ஒரு கிளை

இந்த வழக்கம் பிரிட்டிஷ் என்ஜின்களோடு சேர்ந்தே தமிழ்நாட்டுக்கும் வந்தது. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் ரெட்டிட்ச் நகரத்து ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் தயாரான புல்லட்டை வாங்கியவர்கள் முதல் 500 கிலோமீட்டரை விரதம் இருப்பதுபோல் கழித்தார்கள். முறுக்காதே, பின்னால் ஆள் ஏற்றாதே, ஒரேயடியாக நீண்ட தூரம் ஓட்டாதே, முதல் சர்வீஸில் ஆயிலை மாற்றிவிட்டு அப்புறம் பார் என்பது மெக்கானிக்கின் கட்டளை.

வண்டலூர் அருகே ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் தயாரித்த ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கும் ஸ்போர்ட்ஸ் கார் உறவு உண்டு. அதன் மூலமான ட்ரையம்ஃப் ஹெரால்டின் 948 சி.சி. என்ஜினை 1,147 சி.சி.யாகப் பெருக்கித்தான் 1962-ல் ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரில் வைத்தார்கள். சென்னையில் டாக்டரும் வக்கீலும் பொறுமையாகப் பழக்கிய குடும்ப காரும், லண்டனில் இளைஞர்கள் கூரையை மடக்கி ஓட்டிய ஸ்பிட்ஃபயரும் ஒரே என்ஜின் குடும்பம். முன்பணம் கட்டிவிட்டுப் பல ஆண்டுகள் காத்திருந்து கார் வாங்கிய காலம் அது. கிடைத்த வண்டியை 40 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டுவது யாருக்கும் பாரமாகத் தெரியவில்லை.

தொழிற்சாலை திரும்ப எடுத்துக்கொண்ட வேலை

1959 நவம்பர் 2 அன்று பிரிட்டனில் எம்1 நெடுஞ்சாலை திறக்கப்பட்டது. அன்று அதில் வேகக் கட்டுப்பாடு கிடையாது. நீண்ட நேரம் முழு வேகத்தில் ஓடிப் பழகாத கார்கள் பல, சூடேறி ஓரத்தில் நின்றன. இனி வாங்கிய வாரமே ஒருவர் தன் காரை நெடுஞ்சாலையில் விரட்டுவார் என்று வைத்துக்கொண்டுதான் என்ஜின் செய்தாக வேண்டும். ரன்னிங் இன் அட்டையை நம்பித் தொழில் நடத்த முடியாத காலம் வந்துவிட்டது.

அதற்கான அடித்தளம் ஏற்கெனவே போடப்பட்டிருந்தது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் சார்லஸ் நார்ட்டன் கிராங்க் ஷாஃப்டைத் துல்லியமாக அரைக்கும் எந்திரத்தையும், ஜேம்ஸ் ஹீல்டு சிலிண்டர் உட்சுவரை அரைக்கும் எந்திரத்தையும் கொண்டுவந்தார்கள். 1908-ல் ப்ரூக்லண்ட்ஸில் கேடிலாக் நிறுவனம் ஒரு சோதனையில் இறங்கியது. மூன்று கார்களைத் துண்டு துண்டாகப் பிரித்து, பாகங்களைக் கலந்து, திரும்பக் கோத்து, 500 மைல் ஓட்டிக் காட்டினார்கள். கையால் சுரண்டிப் பொருத்தாமலேயே பாகங்கள் பொருந்தும் என்பது நிரூபணமானது. அந்த ஆண்டின் டியூவார் கோப்பை கேடிலாக்குக்குக் கிடைத்தது.

அளவு துல்லியமானால் போதாது. பரப்பின் முகட்டையும் பள்ளத்தையும் அளக்க வேண்டும். 1933-ல் அபட், ஃபயர்ஸ்டோன் என்ற இருவர், ஒரு பரப்பில் எந்த ஆழத்தில் எவ்வளவு உலோகம் பாரம் தாங்குகிறது என்று காட்டும் வளைகோட்டை வகுத்தார்கள். 1941-ல் இங்கிலாந்தின் லெஸ்டரில் டெய்லர் ஹாப்சன் நிறுவனம் ‘டாலிசர்ஃப்’ கருவியைக் கொண்டுவந்தது. வைர முனையைப் பரப்பின் மேல் இழுத்து மேடுபள்ளத்தை வரைபடமாக்கும் கருவி. அதுவரை மெக்கானிக் விரல் நுனியால் தடவிச் சொன்னதை இனிக் காகிதத்தில் பார்க்கலாம். பழக்கப்பட்ட சிலிண்டர் எப்படி இருக்கும் என்பது தெரிந்துவிட்டால், அதே பரப்பைத் தொழிற்சாலையிலேயே உருவாக்கிவிடலாமே!

அப்படித்தான் பிளேட்டோ ஹோனிங் வந்தது. முதலில் கரடான கல்லால் ஆழமான கோடுகள்; பிறகு மெல்லிய கல்லால் முகடுகளை மட்டும் சீவிவிடுவது. சாலையில் 500 மைல் ஓடி ரிங் செய்த வேலையை ஹோனிங் எந்திரம் சில நொடிகளில் முடித்துவிடுகிறது.

பேரிங்கிலும் அதே மாற்றம். ஊற்றிச் சுரண்டும் பேபிட்டுக்குப் பதிலாக, எஃகுத் தகட்டின் மேல் மெல்லிய பேரிங் உலோகம் படிந்த, வாங்கி அப்படியே பொருத்தக்கூடிய ‘தின்வால்’ ஷெல்கள் அமெரிக்காவின் கிளீவ்லண்டில் பிறந்தன. பிரிட்டனில் அதைத் தயாரிக்கும் உரிமையை டோனி வாண்டர்வெல் 1930-களில் வாங்கினார். போருக்குப் பின் ஃபெராரி பந்தயக் கார்களை விலைக்கு வாங்கி, ‘தின்வால் ஸ்பெஷல்’ என்று பெயரிட்டுத் தன் பேரிங்குகளோடு ஓடவிட்டார். பிறகு சொந்தமாகவே ‘வான்வால்’ காரைக் கட்டினார். 1958-ல் முதன்முதலாக வழங்கப்பட்ட ஃபார்முலா 1 தயாரிப்பாளர் சாம்பியன் பட்டத்தை வென்றது அந்த பேரிங் வியாபாரியின் கார்தான்.

ஜெர்மனியின் மாலே நிறுவனம் அலுமினியச் சுவரின் மேல் நிக்கலும் சிலிக்கான் கார்பைடும் படியவைக்கும் நிகாசில் முறையை 1960-களின் இறுதியில் உருவாக்கியது. போர்ஷே அதைப் பந்தயத்தில் சோதித்துவிட்டு, 1973-ன் 911 கரேரா ஆர்.எஸ். 2.7 காரில் சாலைக்குக் கொண்டுவந்தது. இவ்வளவு கடினமான பரப்பை ரிங் தேய்த்துச் சரிசெய்துவிடும் என்று காத்திருக்க முடியாது. தொழிற்சாலையிலேயே சரியாக இருந்தாக வேண்டும்.

இத்தாலியில் மட்டும் மனிதர்கள் நெடுநாள் இந்த வேலையைக் கையில் வைத்திருந்தார்கள். சான்ட் அகாட்டா கிராமத்தில் 1963-ல் தொடங்கிய லம்போர்கினியின் தலைமைச் சோதனை ஓட்டுநர் நியூசிலாந்துக்காரரான பாப் வாலஸ். மியூரா போன்ற 12 சிலிண்டர் வண்டிகளைச் சுற்றுவட்டாரச் சாலைகளில் ஓட்டிச் சீராக்கியது அவருடைய குழு. பயிற்சி மெக்கானிக்காகச் சேர்ந்து அவரிடம் தொழில் கற்ற வாலெண்டினோ பல்போனி, பின்னர் பல பத்தாண்டுகள் அதே வேலையைப் பார்த்தார். 2009-ல் வந்த ஒரு கயார்டோ காருக்கு அந்நிறுவனம் அவர் பெயரையே வைத்தது. வண்டியைப் பழக்கும் கை ஒரு தொழிலாகவே மதிக்கப்பட்டதற்கு அது அடையாளம்.

இன்றைய புத்தகங்கள் சொல்வது

இன்று சாதாரணக் குடும்ப காரில் ரன்னிங் இன் பேச்சு அநேகமாக ஓய்ந்துவிட்டது. மாஸ்டாவின் எம்.எக்ஸ்-5 குறிப்புப் புத்தகம்கூட, தனியாகப் பழக்க வேண்டியதில்லை, முதல் 1,000 கிலோமீட்டருக்குச் சில எச்சரிக்கைகள் போதும் என்று முடித்துக்கொள்கிறது. சக்தி கூடிய ஸ்போர்ட்ஸ் கார்களில் கதை வேறு. ஆளுக்கொரு விதி; ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு.

போர்ஷே 911-க்கும் கேமனுக்கும் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்த விதி, முதல் 3,000 கிலோமீட்டருக்கு என்ஜினை நிமிடத்துக்கு 4,200 சுற்றுக்கு மேல் விடாதே என்பது. இந்தக் காலத்தில் ஆயிலும் பெட்ரோலும் சற்றுக் கூடுதலாகச் செலவாகும் என்றும் அந்தப் புத்தகம் முன்கூட்டியே சொல்லிவிடும். ஆனால் ஆயிலைச் சீக்கிரம் மாற்றச் சொல்வதில்லை. வழக்கமான சர்வீஸ் வரை முதல் ஆயிலே ஓடலாம்.

பி.எம்.டபிள்யூ.வின் எம் வகைக் கார்கள் நேர்மாறு. 2,000 கிலோமீட்டர் வரை 5,500 சுற்றையும் 170 கிலோமீட்டர் வேகத்தையும் தாண்டாமல், வேகத்தை மாற்றி மாற்றி ஓட்ட வேண்டும். 2,000 கிலோமீட்டரில் கட்டாயமாக ஒரு ரன்னிங் இன் சர்வீஸ். அதில் என்ஜின் ஆயில் மட்டுமல்ல, பின்சக்கரங்களுக்கு இடையிலுள்ள டிஃபரென்ஷியல் ஆயிலும் மாறும். மெர்சிடிஸ் ஏ.எம்.ஜி.யில் முதல் 1,500 கிலோமீட்டருக்கு 140 கிலோமீட்டர் வேக வரம்பு. பூட்டுத் தட்டுகள் வைத்த டிஃபரென்ஷியல் இருந்தால் 3,000 கிலோமீட்டரில் அதன் ஆயிலை மாற்ற வேண்டும். கியர்ப் பற்களும் உராய்வுத் தட்டுகளும் ஒன்றோடொன்று பொருந்தும்போது உதிரும் துகளை வடிகட்ட அங்கே ஃபில்டர் இல்லை. நூறாண்டுக்கு முன் மாடல் டி என்ஜினில் ஆயிலை வடித்ததற்கும் இதுதான் காரணம்.

ஹோண்டா, ஆயிலைச் சீக்கிரம் மாற்றாதே, அட்டவணைப்படி மாற்று என்று தன் கார்களின் புத்தகத்தில் வெளிப்படையாக எழுதியது. கோக்கும்போது பாகங்களில் பூசும் பசையில் உள்ள மாலிப்டினம் முதல் ஆயிலில் கலந்திருக்கிறது. தொடக்ககாலத் தேய்மானத்தில் அது காவல். அவசரப்பட்டு வடித்துவிட்டால் அந்தக் காவலும் போய்விடும். அமெரிக்காவில் 2015-ன் கார்வெட் இசட்06 காருக்கு, 500 மைலிலேயே முதல் ஆயில் மாற்றத்தைச் செய்யச் சொன்னது செவர்லே. அடுத்த தலைமுறையான 2020 கார்வெட்டில் புத்தகத்தை நம்பியிருக்கவில்லை. முதல் 500 மைலுக்குக் கீழ் கியர்களில் இழுவிசையை மென்பொருளே குறைத்து வைக்கிறது. ஓட்டுநரின் வலது காலிடம் ஒருகாலத்தில் ஒப்படைத்த பொறுப்பைக் கம்ப்யூட்டர் வாங்கிக்கொண்டது.

2016-ல் விற்பனைக்கு வந்த ஹோண்டாவின் இரண்டாம் தலைமுறை என்.எஸ்.எக்ஸ். ஸ்போர்ட்ஸ் கார் இன்னும் ஒரு படி மேலே போனது. ஒஹையோ மாநிலத்தின் அன்னா தொழிற்சாலையில் ஒரே தொழில்நுட்பர் ஒரு என்ஜினை முழுக்கக் கோப்பார். பிறகு அதை மேடையில் ஓட்டி, 150 மைல் ஓடியதற்குச் சமமாகப் பழக்கித்தான் காரில் ஏற்றினார்கள்.

சிந்தெடிக் ஆயில் ஊற்றினால் வழுக்கல் அதிகமாகி ரிங் பொருந்தாது என்ற பேச்சு இன்னும் பட்டறைகளில் காதில் விழுகிறது. கரடாக ஹோனிங் செய்த பழைய என்ஜின்கள் விட்டுச்சென்ற எச்சரிக்கை அது. 1992 முதல் கார்வெட் தொழிற்சாலையிலிருந்தே சிந்தெடிக் ஆயிலோடு வருகிறது. போர்ஷேயும் 1990-களிலேயே அந்த வழிக்கு வந்துவிட்டது. அந்த கார்களில் ரிங் பொருந்தாமல் போகவில்லை.

பழைய விதிகள் முழுக்கச் செத்துவிடவும் இல்லை. எம்.ஜி.பி போன்ற பழைய கார்களின் என்ஜினைப் பிரித்துப் புதுப்பிக்கிறவர்களுக்கு அவை இன்றும் உயிரோடு இருக்கின்றன. கேம் ஷாஃப்டும் தட்டையான டாப்பெட்டும் புதிதாக இருந்தால், முதல்முறை ஸ்டார்ட் செய்ததும் சும்மா ஐட்லிங்கில் விடக் கூடாது. 2,000 சுற்றுக்கு அருகில் 20 நிமிடமாவது ஓடவிட வேண்டும். ஐட்லிங்கில் கேமின் மேல் போதிய ஆயில் தெறிக்காது, பரப்பு கெட்டுவிடும். 2004-க்குப் பிறகு, புகைக்குழாயில் உள்ள கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் காக்க, ஆயிலில் பாஸ்பரஸ் அளவைக் குறைத்தார்கள். அதோடு துத்தநாகக் கூட்டுப்பொருளும் குறைந்தது. அதனால் பழைய என்ஜின்களுக்கென்றே துத்தநாகம் கூடிய ரன்னிங் இன் ஆயில் தனியாக விற்பனையாகிறது. முதல் ஓட்டம் முடிந்ததும் அதையும் வடித்துவிட வேண்டும்.

புது ஸ்போர்ட்ஸ் கார் வாங்குகிறவருக்கு இந்த வரலாறு சொல்வது ஒன்றுதான். முதல் ஆயில் மாற்றத்துக்கு எல்லா வண்டிக்கும் பொருந்தும் ஒரே தூரம் என்று எதுவும் இருந்ததில்லை. 400 மைலும் 500 மைலும் 2,000 கிலோமீட்டரும் ‘அட்டவணை வரை காத்திரு’ என்பதும் அந்தந்த என்ஜினின் பேரிங், சுவர், ஃபில்டர், ஆயில் ஆகியவற்றைக் கணக்கிட்டு வைத்த எண்கள். தாத்தாவின் அம்பாசிடர் அனுபவத்தை 2024 மாடல் காரில் பொருத்திப் பார்க்க வேண்டாம். ஹோண்டாவின் விதியைப் பி.எம்.டபிள்யூ.வுக்கும் பொருத்த வேண்டாம். எந்த வண்டியானாலும் பொதுவாக நிற்கும் பாடங்கள் சில உண்டு: என்ஜின் சூடாகும் முன் விரட்டாதீர்கள், ஒரே வேகத்தில் மணிக்கணக்கில் ஓட்டாதீர்கள், உயர்ந்த கியரில் திணறவிடாதீர்கள், ஆயில் மட்டத்தை அடிக்கடி பாருங்கள். பழைய எம் கார் ஒன்றை வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்க வேண்டிய காகிதம், 2,000 கிலோமீட்டர் சர்வீஸ் நடந்ததற்கான பதிவு. புது வண்டியின் சாவி கைக்கு வரும் நாளில், குறிப்புப் புத்தகத்தின் ரன்னிங் இன் பக்கத்தைப் படித்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள்.